15 வயதான பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி எஃப்.சி.யில் முதல் முறையே தேற: சேலத்துக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பிஎம்டபிள்யூ சென்னைக்கு அருகே பாகங்களைக் கோத்துக் கார் பூட்டத் தொடங்கியது 2007-ல். பென்ஸ் அதற்கும் முன்பே, 1995-ல், புனேயில் ஈ கிளாஸைத் தொடங்கிவிட்டது. அந்த வரிசையில் வந்த கார்களில் 2008 முதல் 2011 வரை பதிவானவை ஒவ்வொன்றாக 15 வயதைத் தாண்டி, பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு வருகின்றன. அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு போர்டிகோக்களிலும் ஏற்காட்டு எஸ்டேட் ஷெட்களிலும் இப்படிப்பட்ட கார்கள் நிறையவே நிற்கின்றன. உரிமையாளரின் முதல் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பழைய சொகுசு கார் தேறுமா?

தேறும். இந்தக் கார்களின் இன்ஜினும் கியர்பாக்ஸும் 15 ஆண்டில் ஓய்ந்துபோகிறவை அல்ல. திருப்பி அனுப்பப்படும் கார்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: எரியாத பிரேக் லைட், பிடிக்காத ஹேண்ட் பிரேக், மஞ்சளடித்த ஹெட்லைட், பட்டன் தேய்ந்த டயர், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், படிக்க முடியாத சேஸிஸ் எண். சாதாரண காரில் இவற்றை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். சொகுசு காரில் அந்தச் சிறிய பொருள் கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டும், சிலவற்றைக் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் மாட்டவும் முடியாது. ஆகவே 6 வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். கீழே சொல்பவை எல்லாம் அந்தக் கணக்கை வைத்தே.

உங்கள் காருக்கு எந்த விதி

ஓன் போர்டு காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். ‘எஃப்.சி. காட்டுவது’ என்று நாம் பேச்சில் சொல்வது இந்தப் புதுப்பிப்புக்கான நேரடிப் பரிசோதனையைத்தான். டி போர்டு காருக்கு, அதாவது கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் வாடகைக்கு ஓடும் பென்ஸ் போன்றவற்றுக்கு, முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அவற்றில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, அவசர பட்டன் போன்றவற்றையும் கூடுதலாகப் பார்ப்பார்கள். இயந்திரப் பக்கத்தில் இரண்டுக்கும் தயாரிப்பு ஒன்றே.

விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடியும் தேதிக்கு 60 நாளுக்குள் பரிவாகன் தளத்தில் போடலாம், அதற்கு முன்னால் ஏற்காது. 2022 ஏப்ரல் 1 முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், முழுமையாக இறக்குமதியான காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு இவை 10,000 ஆகவும் 80,000 ஆகவும் இரட்டிப்பாயின. இங்கே ஒரு எச்சரிக்கை: புனேயிலும் சென்னையிலும் பூட்டிய கார் இறக்குமதி வகையில் வராது. ஆனால் பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது சில கார்கள் தவறாகப் பதிவாகியிருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் பரிவாகனின் வாகன் தளத்தில் உங்கள் காரின் விவரத்தைத் திறந்து பாருங்கள். தவறு இருந்தால் திருத்தத்துக்கு நாள் எடுக்கும்.

தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீடு: பதிவு செல்லாத நிலையில் ஓடிய காருக்கு இழப்பீடு கேட்டால் நிறுவனம் மறுக்க அதுவே காரணமாகிவிடும். பசுமை வரியையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

சேலத்தில் மேற்கு டிஎன் 30, கிழக்கு டிஎன் 54, தெற்கு டிஎன் 90. உங்கள் நம்பர் பிளேட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்து அலுவலகத்தை முடிவு செய்யாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள முகவரி எந்த எல்லைக்குள் வருகிறது என்பதே கணக்கு. வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தை முதலில் முடியுங்கள். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நின்றால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் கொடுத்து நீக்கிவிடுங்கள். டில்லியிலிருந்து மலிவாக வந்த டீசல் கார் என்றால் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் முடிந்த பிறகுதான் இந்த வழிகாட்டி பயன்படும். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல்களுக்கு இருந்த தடையால்தான் அவை இங்கே வருகின்றன. காகிதம் முழுமையாக இல்லாத காரை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

முதலில் சேஸிஸ் எண்

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் கேட்பது இதைத்தான். கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எண் தெரியாவிட்டால் மேலே எதுவும் நகராது. 2000-க்குப் பிந்தைய பென்ஸ் சி, ஈ கிளாஸ்களில் வலது முன் சீட்டுப் பக்கத் தரைவிரிப்பில் ஒரு மடிப்பு வெட்டியிருக்கும். சீட்டைப் பின்னால் தள்ளி அதைத் தூக்கினால் எண் தெரியும். ஈ 90 (ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனி வைக்கும் குறியீடு; பென்ஸில் டபிள்யூ 211 போன்றவை) வகை பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் பானெட்டைத் திறந்து வலது சஸ்பென்ஷன் கூம்பின் பக்கம் பாருங்கள். பல ஆடிகளில் முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அழுக்கும் பிசினும் இருந்தால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்த உலோகம் பளபளத்தால் எண்ணை மாற்றியதாகச் சந்தேகம் வரும், அதைத் தீர்ப்பது பெரும் அலைச்சல். துடைத்த பின் ஒரு தாளை வைத்து பென்சிலால் உரசி, எல்லா எழுத்தும் விழுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவேற்றத்தில் 0, 8, 5 போன்றவை மாறியிருப்பது உண்டு. முன்பு இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

பிரேக்

முன் பிரேக் பேடு 3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து அளந்து அதோடு ஒப்பிட வேண்டும். விளிம்பில் வரப்பு கட்டியிருக்கிறதே என்று லேத் பட்டறையில் கொடுத்துச் சீவுவது இங்கே பழக்கம். ஏற்கெனவே குறைந்தபட்ச அளவை நெருங்கிய டிஸ்க்கைச் சீவினால் ஏற்காடு இறக்கத்தில் சூடாகி வளையும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது போடுவதே சரி. டெக்ஸ்டார், ஏடிஇ, பிரெம்போ போன்ற பெயர்களில் கிடைப்பவை போதும், காரின் முத்திரை போட்ட பெட்டியே வேண்டும் என்பதில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாத கார் மலையிறங்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போவது இதனால்தான். முழுதாக மாற்ற 1 லிட்டர் வாங்குங்கள், கொஞ்சம் மீறும். திறந்து வைத்திருந்த பாட்டிலை ஊற்றாதீர்கள்.

இதைச் செய்வதற்கு முன் காரின் வகையைப் பாருங்கள். 2006 நடுப்பகுதி வரை வந்த டபிள்யூ 211 ஈ கிளாஸில் மின்னணு பிரேக் அமைப்பு இருக்கிறது. கதவைத் திறந்தாலோ சாவியால் திறப்புப் பொத்தானை அழுத்தினாலோ அதன் பம்ப் தானாக விழித்து, முழு அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளும். பேடு மாற்றிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கின் விரல் நசுங்கும். ஸ்கேனரால் அதைச் செயலிழக்கச் செய்த பிறகே, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைத் தொட வேண்டும், ஆயில் மாற்றவும் ஸ்கேனர் வேண்டும். அந்த பம்ப் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையையும் வைத்திருக்கும். எல்லை எட்டினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையோடு மைதானத்துக்குப் போகவும் கூடாது, வேறு எங்கும் போகவும் கூடாது. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள ஆடிகளிலும் பின் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தினால் மோட்டார் உடையும், ஸ்கேனரால்தான் பின்வாங்க வைக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது ஹேண்ட் பிரேக். பென்ஸில் அது இடது காலால் அழுத்தும் பெடல். டபிள்யூ 124 ஈ கிளாஸ் முதல் டபிள்யூ 204 சி கிளாஸ் வரையிலும், ஈ 90 பிஎம்டபிள்யூவிலும் பின் டிஸ்க்கின் கிண்ணத்துக்குள் சின்ன டிரம் ஷூ இருக்கும். ஆட்டோமேட்டிக் கார் என்பதால் ‘பி’-யில் போட்டு நிறுத்திப் பழகி, ஹேண்ட் பிரேக்கை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டிருப்பார்கள். ஷூ கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, கேபிள் துருப்பிடித்து, சரிவில் நிறுத்தினால் கார் உருளும்.

சரிசெய்யும் முறை இது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுவியுங்கள். ஒரு வீல் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்தபடி சக்கரத்தைச் சுழற்றினால் பல்சக்கரம் போன்ற அட்ஜஸ்டர் தெரியும். நீள ஸ்க்ரூடிரைவரால் சக்கரம் சுற்றாத அளவுக்கு அதை முடுக்கி, பிறகு பென்ஸில் 5, 6 பல் பின்னால் விடுங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. கேபிளை முறுக்கிச் சரிசெய்வது கடைசி வேலை. முதலிலேயே கேபிளை முறுக்கினால் ஷூ எப்போதும் உரசிச் சூடாகும். போல்ட்டை டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள்: டபிள்யூ 211, டபிள்யூ 204-க்கு 130 நியூட்டன் மீட்டர், டபிள்யூ 124-க்கு 110, ஈ 90-க்கு 120. பிறகு ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்தில் ஹேண்ட் பிரேக்கை மெதுவாகச் சில முறை பிடித்துவிட்டால் ஷூவின் வழுவழுப்பு போகும்.

இயந்திரத்தில் ஏற்றிச் சோதிக்கும் மையத்துக்கு அனுப்பினால் உருளைமேல் ஒவ்வொரு சக்கரத்தின் பிடியும் தனித்தனியாகத் தெரியும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால் மறைக்க வழியில்லை. ஒரு பக்கக் காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி (ஸ்லைடு பின்) இறுகிப்போயிருப்பதே வழக்கமான காரணம். கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் போட்டால் போதும். வீட்டிலேயே தெரிந்துகொள்ள, 30 கி.மீ. வேகத்தில் சமதரையில் முழுதாக பிரேக் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள கார் 6, 7 மீட்டருக்குள் நேராக நிற்கும். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் காலிப்பரைச் சந்தேகப்படுங்கள்.

டயரும் அடிப்பகுதியும்

பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் தேறாது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடு இருக்கும். பட்டன் அதோடு சமமானால் ஆயுள் முடிந்தது. சொகுசு காரில் வேறொரு சிக்கல் உண்டு: அதிகம் ஓடாததால் பட்டன் புதிதுபோல இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. சேலத்து வெயிலில் 6 ஆண்டைத் தாண்டிய டயரைக் கவனமாகப் பாருங்கள், 10 ஆண்டைத் தாண்டியதைக் கழற்றிவிடுங்கள். அளவு முக்கியம்: டபிள்யூ 211-ல் பரவலாக 225/55 ஆர் 16, டபிள்யூ 204-ல் 205/55 ஆர் 16. கடைக்காரர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டிருந்தால் ஸ்பீடோமீட்டரே தவறாகக் காட்டும். ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள், ஜாக்கி, முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும்.

அடிப்பகுதியில் முன் லோயர் ஆர்ம் புஷ்களும் பால் ஜாயிண்டும்தான் முதலில் போகும். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயிண்டிலோ வீல் பேரிங்கிலோ இருக்கும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வருவது ஸ்டியரிங் எண்ட். பிஎம்டபிள்யூக்களின் முன்பக்க ஆர்ம் புஷ் ஒன்றுக்குள் எண்ணெய் இருக்கும். அது கசிந்து கறுப்புக் கோடு விழுந்திருந்தால் பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கும். இதை டிஸ்க் வளைவு என்று நினைத்து டிஸ்க் மாற்றிச் செலவழிப்பவர்கள் அதிகம். டபிள்யூ 210 ஈ கிளாஸ் வைத்திருப்பவர்கள் முன் ஸ்பிரிங் உட்காரும் மேல் கிண்ணத்தைத் துருவுக்காகக் கட்டாயம் பாருங்கள். அந்தப் பற்றவைப்பு பெயர்ந்தால் ஸ்பிரிங் வெளியே வரும்.

காற்று சஸ்பென்ஷன் உள்ள எஸ் கிளாஸ் என்றால் இரவில் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். காலையில் ஒரு மூலை மட்டும் 1 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து காற்றுப்பை கசிகிறது. விட்டால் அடுத்து கம்ப்ரஸர் எரியும்.

விளக்குகள்

இங்கேதான் அதிகக் கார்கள் திரும்புகின்றன. பாலிகார்பனேட் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகும். வெளியே நிறுத்தும் காருக்கு 15 ஆண்டில் இது தப்பாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக எமரி போட்டு, பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதா தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அந்தப் பூச்சை விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். பற்பசை தேய்ப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் வெளிச்சந்தையில் வாங்கிய எல்இடி, ஹெச்ஐடி பல்புகள் இருந்தால் கழற்றி, பழைய பல்பையே போடுங்கள். அந்தப் பிரதிபலிப்பானில் அந்த ஒளி சிதறும், எதிரே வருபவர் கண் கூசும். விதி சொல்வது, டிம் போட்ட நிலையில் 8 மீட்டர் தொலைவில் நிற்பவரின் கண் கூசக்கூடாது என்று. ஏற்காட்டுப் பனிக்காகப் பம்பரில் மாட்டிய நீள எல்இடி பட்டையும் கழற்ற வேண்டியதே. பனிக்கு உதவுவது தாழ்வாகப் பொருத்திய, கம்பெனி கொடுத்த ஃபாக் லைட்தான்.

ஃபோகஸை வீட்டுச் சுவரிலேயே பார்க்கலாம். டயரில் சரியான காற்று, டேங்க் பாதிக்கு மேல், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், சமதரை. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிம் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறியிலிருந்து சுமார் 10 செ.மீ. கீழே விழவேண்டும். ஹெட்லைட் மேல் 1.0 அல்லது 1.3 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். செனான் விளக்கு உள்ள கார்களில் அச்சில் இருக்கும் உயர சென்ஸாரின் சிறு கம்பி உடைந்தால் இரண்டு விளக்கும் தரையைப் பார்க்கும், திருகைத் திருப்பிப் பயன் இல்லை.

பின் விளக்கில் ஒரு பழைய நோய் உண்டு. ஈ 90 பிஎம்டபிள்யூவிலும் டபிள்யூ 203 சி கிளாஸிலும் பின் விளக்கு பிளக்கின் எர்த் பின் சூடாகிக் கருகும். பல்பு புதிது போட்டாலும் மங்கலாக எரியும், பிரேக் போட்டால் இண்டிகேட்டர் சேர்ந்து எரியும். டிக்கியின் உள் மூடியைத் திறந்து பிளக்கை இழுத்துப் பாருங்கள். பழுப்புக் கம்பி கருகியிருந்தால் பின்னை மாற்றி, 2.5 சதுர மி.மீ. கம்பியில் பாடிக்குத் தனி எர்த் கொடுங்கள். நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, மூன்றாவது பிரேக் விளக்கு மூன்றையும் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்டேட்டில் நிற்கும் கார்களுக்குத் தனியாக ஒன்று. சில்வர் ஓக் இலை முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலில் அடைத்து, மழைநீர் ஃபியூஸ் பெட்டிக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் போகும். விளக்குகள் தாமாக எரிவதும் வைப்பர் நிற்காமல் ஓடுவதும் அதன் அடையாளம். பானெட்டைத் திறந்து கையால் இலையை அள்ளி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் வடிகிறதா பாருங்கள். வயரை எலி கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புகை

எந்த வரம்பு என்பதை ஆர்.சி. சொல்லும். 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி சென்னை உட்பட 13 பெருநகரங்களுக்கு மட்டும் வந்தது, நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான். ஆகவே ஒரே ஆண்டு, ஒரே மாடல் கார்கள் சேலத்தில் பதிவாகியிருந்தால் ஒரு வகை, சென்னையில் பதிவாகியிருந்தால் இன்னொரு வகை ஆகலாம். பெட்ரோலில் ஸ்டேஜ் 2, 3 காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம். ஸ்டேஜ் 4-க்கு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். 1990-களின் டபிள்யூ 124 போன்ற பழையவற்றுக்கு 3 சதவீதம், 1500 பிபிஎம். டீசலுக்குப் புகை அடர்த்தி ஸ்டேஜ் 4-க்கு முன் 2.45, ஸ்டேஜ் 4-க்கு 1.62. சான்று ஸ்டேஜ் 4-க்கு ஓராண்டும் அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதமும் செல்லும்.

பெட்ரோல் காரின் புகைச் சோதனைத் தாளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது: ஆக்ஸிஜன் சென்ஸார், ஏர்ஃப்ளோ மீட்டர், அடைத்த ஏர் ஃபில்டர். மோனாக்சைடு குறைவாக, ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை: பிளக், காயில். லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்) 1.03-ஐத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது: வெடித்த வேக்குவம் ஹோஸ் அல்லது சைலன்சர் மூட்டு. எல்லாம் சரியாக இருந்தும் எல்லா எண்ணும் கொஞ்சம் கூடியிருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடேறவில்லை. வீட்டிலிருந்து 2 கி.மீ. ஓட்டிப் போய் சோதித்தால் இப்படித்தான் வரும். சீலநாயக்கன்பட்டி பைபாஸில் 20, 30 நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் நேரே மையத்துக்குள் போங்கள்.

டீசல் கார்கள் ஊருக்குள் மட்டும் ஓடினால் கரி சேரும். ஓமலூர் சாலையில் 20 நிமிடம், ஒரு கியர் குறைத்து 2500 முதல் 3000 ஆர்.பி.எம். வரை ஓட்டினால் சேர்ந்த கரி கணிசமாகப் போகும். கறுப்புப் புகை தொடர்ந்தால் ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் வெடிப்பு, இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) என்ற வரிசையில் பாருங்கள். பென்ஸ் வி6 டீசலில் டர்போவுக்குள் காற்று நுழையும் இடத்து ரப்பர் சீல் இறுகி, எண்ணெய் கீழே உள்ள மோட்டார்மேல் சொட்டி அதைக் கெடுக்கும். விலை குறைந்த அந்த சீலைக் கையோடு மாற்றிவிடுங்கள்.

டீசல் சோதனையில் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை பலமுறை அழுத்துவார்கள். அதற்கு முன் இன்ஜின் ஆயில் அளவு சரியாக இருக்க வேண்டும். பிஎம்டபிள்யூ 320டியில் வந்த என் 47 இன்ஜினின் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. 1500 முதல் 2500 ஆர்.பி.எம்.க்குள் பின்னாலிருந்து உரசும் சத்தம் கேட்டால் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் செயின், பிறகு புகை.

மீட்டரில் எரியும் விளக்குகள்

சாவி போட்டதும் ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கை அணைக்க மீட்டரைத் திறந்து பல்பை எடுத்துவிடும் வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள். விளக்கு எரியவே இல்லை என்பதும் கண்ணில் படும், விபத்தில் உயிருக்கும் ஆபத்து. சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் பிளக் தளர்ந்திருப்பதே பல நேரம் காரணம். பேட்டரியைக் கழற்றி 10 நிமிடம் கழித்து அதை இறுக்கிப் பொருத்துங்கள். விளக்கை அணைக்க ஏர்பேக் பகுதியைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும், சாதாரண ஓபிடி கருவிக்கு அது தெரியாது.

பழைய பேட்டரி இருந்தால் ஏபிஎஸ், ஈஎஸ்பி (கார் வழுக்காமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கைகள் காரணமின்றி வந்து போகும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பரிசோதனைக்கு முந்தின இரவு சார்ஜர் போட்டு வையுங்கள்.

கண்ணாடி, நம்பர் பிளேட்

ஒட்டிய கறுப்பு ஃபிலிமை உரித்துவிடுங்கள். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கத்தில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். கம்பெனியிலிருந்தே நிறம் கலந்து வந்த கண்ணாடிக்குப் பிரச்சினை இல்லை. வெப்பக்காற்று காட்டி மெதுவாக உரித்தால் பின் கண்ணாடியின் பனிநீக்கிக் கம்பிகள் பிய்யாது. நம்பர் பிளேட் 500-க்கு 120 மி.மீ. அல்லது 340-க்கு 200 மி.மீ., எழுத்து உயரம் 65 மி.மீ. இந்தக் கார்களின் பம்பர் ஐரோப்பிய 520-க்கு 110 அளவுக்கு வார்த்தது என்பதால் பலர் அந்த அளவிலேயே பிளேட் போட்டிருப்பார்கள், அது ஏற்காது. சாய்ந்த எழுத்து, கட்சிச் சின்னம், பதவிப் பெயர் எதுவும் வேண்டாம். நிறம் மாற்றியிருந்தால் ஆர்.சி.யிலும் மாறியிருக்க வேண்டும்.

மலை ஏறி ஒருமுறை

எல்லா வேலையும் முடிந்து, தேதிக்கு ஒரு வாரம் முன் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய் ஏற்காடு ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் வேறெந்தச் சோதனையும் காட்டாததைக் காட்டும். ஏறும்போது வெப்பமானி நடுவிலிருந்து நகரக்கூடாது. வளைவை முழுதாகத் திருப்பும்போது ‘கட கட’ என்றால் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க். மேலே ஏரிப் பக்கம் சரிவான ஓரத்தில் கியரை நியூட்ரலில் வைத்து, கால் பிரேக்கில் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள். வளைவுகளில் நிறுத்தி இதைச் செய்யாதீர்கள்.

இறங்கும்போது 2 அல்லது 3-ம் கியரில் பூட்டி, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். அடிவாரத்தில் இறங்கியதும் நான்கு சக்கரத்தருகேயும் கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கொதித்தால் அந்தக் காலிப்பர் இறுகியிருக்கிறது. மறுநாள் காலை நிறுத்திய இடத்தில் தரையில் அட்டை போட்டு, எண்ணெய்த் துளி விழுந்திருக்கிறதா பாருங்கள்.

அன்றைய நாள்

அடிப்பகுதியை முந்தின நாளே கழுவிவிடுங்கள். ஈரமான அடிப்பகுதி கசிவுபோலத் தெரியும். ஆர்.சி. அசல், நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, வரி ரசீது, கட்டண ரசீது, ஆதார், பான் எல்லாவற்றின் நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும். காப்பீடு அந்த நாளில் நடப்பில் இருக்க வேண்டும், மறுநாள் தொடங்கும் பாலிசி உதவாது. வரிசையில் நிற்கும்போது ஏசியை அணைத்து வையுங்கள், வெயிலில் ஐடிலில் நின்றே பழைய கார் சூடேறும். சேஸிஸ் எண் இருக்கும் மடிப்பைத் திறந்து வைத்து, துணியும் டார்ச்சும் கையில் கொடுங்கள். இன்ஸ்பெக்டருக்குப் பெடல் ஹேண்ட் பிரேக்கும், ஆட்டோமேட்டிக் கியரின் நெம்புகோலும் பழக்கமில்லாமல் இருக்கலாம், அமைதியாக இயக்கிக் காட்டுங்கள்.

திருப்பி அனுப்பினால் குறை என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பிரேக் சரியில்லை’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பட்டறையில் தேவையில்லாத பொருளெல்லாம் மாறும். எந்த அச்சு, எந்தப் பக்கம், கால் பிரேக்கா ஹேண்ட் பிரேக்கா என்று தெரிந்தால் செலவு பாதியாகும்.

தேறியபின் புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் செல்லுபடித் தேதி, எரிபொருள் வகை, இருக்கை எண்ணிக்கை, நிறம் ஆகியவற்றை வாகன் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். தேதி பழையபடியே நின்றால் அன்றே அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்யுங்கள். காப்பீட்டு நிறுவனமும் சோதனைச் சாவடிக் காவலரும் பார்ப்பது அந்தத் தளத்தைத்தான்.